மணிக்கட்டை உறுத்திய ஸ்க்ரூ

அத்தியாயம் 4

அந்தக் கடைக்கு வாசல் ஒன்று, முதலாளிகள் இரண்டு பேர். நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் அண்ணன்காரர், டெஸ்க்டாப் ரிப்பேர். அந்தப் பக்கம் தம்பிக்காரர், லேப்டாப் ரிப்பேர். தடுப்பு கூரை வரைக்கும் போகவில்லை. அதனால் சண்டைக்கு இடைஞ்சல் எதுவும் இல்லை.

ரேடியோ உள்ளே நுழைந்தபோது சண்டை பாதியில் இருந்தது. அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆரம்பித்தால் யாராவது காதைத் திருகினால்தான் நிற்பான் என்பதால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவனுக்குப் பின்னால் அவனுடைய அண்ணி வந்தாள். துப்பறிவது அவள் தொழில். கூடவே வந்து பேசுவது அவன் தொழில். அண்ணி ஒரு வாக்கியத்தை முடித்து அடுத்த வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் ரேடியோ வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அந்த மௌனத்துக்கு முன்னால் பல பேர் தாங்களாகவே உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள், அலுப்பு தாங்காமல்.

தம்பிக்காரர் எழுந்து நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

"மேடம், என்னைப் பார்த்தா திருடன் மாதிரியா இருக்கு?"

"சத்தியமா இல்ல," என்றான் ரேடியோ. "திருடன்னா இன்னும் கொஞ்சம் நிம்மதியா இருப்பான்."

"ரேடியோ, ஆஃப்," என்றாள் அண்ணி.

விஷயம் இதுதான். ஒரு வக்கீல் தன் லேப்டாப்பை இங்கே கொடுத்திருந்தார், ஃபேன் சத்தம் போடுகிறது என்று. தம்பிக்காரர் சுத்தம் செய்தார். வக்கீலின் குமாஸ்தா வந்து வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலை வக்கீல் பட்டனை அழுத்தினார். லேப்டாப்புக்கு உயிர் வரவில்லை. அதற்குள் இருந்தது ஒரு குரல் பதிவு. வேலையிலிருந்து தூக்கியெறியப்பட்ட தொழிலாளர்களுக்காக அந்த வக்கீல் ஒரு நிறுவனத்தின்மேல் வழக்கு நடத்துகிறார். நிறுவனத்து மேலாளர் வாயாலேயே உண்மையைச் சொன்ன பதிவு அது. நாளைக்கு விசாரணை. பிரதி எடுத்தால் வெளியே கசிந்துவிடும் என்ற பயத்தில் வக்கீல் வேறு எங்கும் அதை வைத்திருக்கவில்லை.

"போன்ல கூப்பிட்டு, 'உள்ள இருந்ததைத் திருடிட்டே'ன்னு கத்தினார். என்னத்தைத் திருடினேன்னு கேட்டேன். 'அதை நான் உனக்குச் சொல்லணுமா, கோர்ட்டுல சொல்றேன்'னு வச்சுட்டார். சாயங்காலத்துக்குள்ள திருப்பிக் குடுக்கலேன்னா போலீஸ் வருமாம். என்னைக் கூட்டிட்டுப் போவாங்களாம். கடையில இருக்கற மெஷின் எல்லாத்தையும் அள்ளிட்டுப் போவாங்களாம்."

தடுப்புக்கு மேலே அண்ணன்காரரின் தலை தெரிந்தது. "எல்லா மெஷினுமா? என் பக்கத்துதும் சேர்த்தா?"

"போலீசுக்குத் தடுப்பு தெரியாதே சார்," என்றான் ரேடியோ.

"நான் அப்பவே தலை தலையா அடிச்சுக்கிட்டேன், இந்த லேப்டாப் வேலையே வேணாம்னு." அண்ணன்காரர் தம்பியின் பக்கம் வந்து முக்காலியில் உட்கார்ந்தார். மடியில் ஒரு தட்டு, தட்டு நிறைய ஸ்க்ரூ. பேசப் பேசக் கை அதைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. "டெஸ்க்டாப்ங்கறது வீடு மேடம். கதவைத் திறக்கலாம், உள்ள போகலாம், எது கெட்டுச்சோ அதை மட்டும் தூக்கி வெளிய போட்டுட்டுப் புதுசை வைக்கலாம். லேப்டாப்? ஒரு குடும்பத்தையே மடிச்சுப் பெட்டியில வச்ச மாதிரி. ஒருத்தனை எழுப்பணும்னா எல்லாரையும் எழுப்பணும்."

"அதைத்தான் நானும் சொல்றேன்," தம்பிக்காரர் குரல் உயர்ந்தது. "இவருக்குக் கீபோர்டு போனா, பழசைப் பிடுங்கிட்டுப் புதுசைச் சொருகினா முடிஞ்சுது. நான் பேட்டரியைக் கழட்டி, ஃபேனைக் கழட்டி, போர்டைத் தூக்கி அடியில போகணும். இவருக்கு உதிரி பாகம் எந்தக் கடையிலயும் கிடைக்கும். எனக்கு ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு பாகம், அது வேற எதுலயும் உக்காராது. கடைசியில கஸ்டமர் கேக்கறார், 'ஒரு எழுத்து அடிக்கலேங்கறதுக்கா இவ்வளவு நாளு?'ன்னு. இவரைப் பார்த்து யாரும் அப்படிக் கேக்கறதில்ல."

"என்கிட்ட யாரும் எதுவுமே கேக்கறதில்லடா. டெஸ்க்டாப்பே வர்றதில்ல."

 

அண்ணி தம்பிக்காரரின் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்து கிடந்த ஒரு லேப்டாப். பக்கத்தில் அதே அளவுக்கு வெட்டிய ஒரு ஸ்பாஞ்ச் அட்டை. லேப்டாப்பின் எந்த ஓரத்தில் எந்த ஸ்க்ரூ இருந்ததோ, அட்டையிலும் அதே ஓரத்தில் குத்தி வைத்திருந்தார்.

"எல்லாத்துக்கும் இப்படியா?"

"எல்லாத்துக்கும். சிலது நீளம், சிலது குட்டி. பார்த்தா ஒண்ணு போலவே இருக்கும். மாத்திப் போட்டா மறுபக்கம் குத்திக்கிட்டு வந்துடும்."

"நீங்க சரி பண்ணினதுக்கு அப்புறம் லேப்டாப் ஓடுச்சா?"

"குமாஸ்தா கண்ணு முன்னாடி ஓட்டிக் காட்டினேன். அவர் என்னடான்னா, ஆன் பண்ணவே இல்லேன்னு சொல்றாராம். அவர் வக்கீலோட சொந்தக்காரர். நான் யாரு?"

அண்ணி எழுந்தாள். அவள் வாசலைத் தாண்டும்போது தம்பிக்காரருக்குச் சந்தேகம் வந்தது.

"மேடம், உங்களைக் கூப்பிட்டது யாரு? நான் கூப்பிடலியே?"

 அண்ணன்காரர் திடீரென்று இருமினார். மடியில் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு தடுப்புக்கு மறுபக்கம் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

*

வக்கீலின் அலுவலகம் மாடியில். முன்னறையில் குமாஸ்தா இருந்தார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர். தலைமுடியைப் போலவே பேச்சையும் எண்ணெய் போட்டு வாரியிருந்தார்.

"இந்த ஆபீஸ்ல கம்ப்யூட்டர்னா நான்தாங்க. வெளியாள் யாரும் தொட்டதில்ல. பக்கவாட்டு மூடியைத் திறக்கறது, தூசி தட்டறது, மூடறது, எல்லாம் நம்ம கைதான். இந்த ஒரு தடவைதான் லேப்டாப்பாச்சேன்னு கடைக்குக் குடுத்தோம். அனுபவிக்கிறோம்."

"ஆமா, லேப்டாப் வேற மாதிரின்னு சொல்றாங்களே?" என்றான் ரேடியோ.

"என்ன வேற? டெஸ்க்டாப்பை ரோடு ரோலர் ஏத்தினா லேப்டாப். அவ்வளவுதான் தம்பி."

காணாமல்போனதைத் துப்பறிய வந்ததாக அண்ணி சொன்னதும் வக்கீல் பீரோவைத் திறந்தார். துணிப்பையிலிருந்து லேப்டாப் வந்தது. அடிமூடி தனியாக, ஸ்க்ரூக்கள் ஒரு கவரில் தனியாக.

"நேத்து காலையில என் முன்னாடிதான் இவர் திறந்தார். திறந்தபடியே எடுத்து வச்சுட்டேன். சாட்சிப் பொருள்."

குமாஸ்தா லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்து விரலால் சுட்டினார். பச்சைப் போர்டின் ஓரத்தில் தபால்தலை அளவுக்கு ஒரு காலி இடம். அதற்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு ஒயரும் ஒரு வெள்ளை ஒயரும் எதிலும் சேராமல் கிடந்தன.

"டிஸ்க் இருந்த இடம். ரெண்டு ஒயரும் பாருங்க, அநாதையாக் கிடக்குது. கடைக்காரன் உருவிட்டான்."

"எதிர்க்கட்சி வக்கீல் நேத்து கோர்ட் வராந்தாவுல சிரிச்சுக்கிட்டே கேக்கறார், 'ஆதாரம் ஏதாவது மிச்சம் இருக்கா சார்?'னு," என்றார் வக்கீல். "அவருக்கு எப்படித் தெரியும்? வித்தாச்சு. இல்ல, விக்கப் போறான்."

அண்ணி பேசவில்லை. சுவர்க்கடிகாரம் பேசியது. குமாஸ்தா இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தார். வக்கீல் மேஜைமேல் இருந்த கோப்புகளை நேராக அடுக்கினார். பிறகு அதையே மறுபடியும் கலைத்து அடுக்கினார்.

ரேடியோ சும்மா இருக்க முடியாமல் லேப்டாப்பை நிமிர்த்தி, திரையைத் திறந்து, தட்டச்சு செய்பவனைப் போல இரண்டு கைகளையும் வைத்தான்.

"யுவர் ஆனர்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். "அண்ணி, மணிக்கட்டுல ஏதோ உறுத்துது."

இடது ஓரத்தில், கை படும் இடத்தில், வழவழப்பான மேல்தட்டு ஒரு பருவைப் போல மேலே எழும்பியிருந்தது. அண்ணி அதை விரலால் தடவினாள். அப்படியே லேப்டாப்பைக் கவிழ்த்து அதே இடத்தில் இருந்த ஓட்டையைப் பார்த்தாள். கவரிலிருந்த ஸ்க்ரூக்களை உள்ளங்கையில் கொட்டினாள். சிலது நீளம், சிலது குட்டி.

"சார், இந்த மேடு முன்னாடி இருந்துச்சா?"

"இல்லியே. தினமும் கை வைக்கற இடமாச்சே."

அண்ணி தலையசைத்தாள். "உங்க குமாஸ்தா இந்த வழக்குக் காகிதத்தை எல்லாம் ஒரு செட் பிரதி எடுத்துக் குடுத்தா நல்லாயிருக்கும்."

குமாஸ்தா முகம் மலர்ந்து, கோப்பை அள்ளிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குக் கிளம்பினார். படியில் அவர் காலடி ஓய்ந்ததும் ரேடியோ குனிந்து கிசுகிசுத்தான்.

"புரிஞ்சுபோச்சு அண்ணி. நீள ஸ்க்ரூவைக் குட்டி ஓட்டையில முடுக்கியிருக்கான். நேத்து இவங்க திறக்கறதுக்கு முன்னாடியே யாரோ திறந்து மூடியிருக்காங்க. ஸ்பாஞ்சுல குத்தி வைக்கற தம்பிக்காரர் இந்தத் தப்பைப் பண்ண மாட்டார். பண்ணினது டெஸ்க்டாப் ஆள். அந்த அண்ணன்காரர்தான்! பொறாமை!"

"அவர் பேசும்போது அவர் கை என்ன பண்ணிட்டிருந்துச்சு?"

ரேடியோ யோசித்தான். "ஸ்க்ரூ பொறுக்கிட்டிருந்துச்சு."

"ரெண்டு ரகமாப் பிரிச்சுட்டிருந்துச்சு. திருகுமரை பெருசா இருக்கறது ஒரு பக்கம், பொடிசா இருக்கறது ஒரு பக்கம். தட்டைப் பார்க்கவே இல்ல. டெஸ்க்டாப்லயும் மாத்திப் போட்டாப் போர்டு போயிடும் ரேடியோ. நிஜமா அந்த வேலை தெரிஞ்சவன் தூக்கத்துலகூடக் கலக்க மாட்டான். பக்கவாட்டு மூடியைத் திறந்து தூசி மட்டும் தட்டத் தெரிஞ்சவன் கலக்குவான்."

வக்கீல் நிமிர்ந்தார். "நீங்க என் சொந்தக்காரரைச் சொல்றீங்க. மேடு ஒரு ஆதாரமா? கோர்ட்டுல நிக்காது."

"நிக்காது," என்று ஒத்துக்கொண்டாள் அண்ணி. "உங்க ஆபீஸ் டெஸ்க்டாப்புல என்னிக்காவது டிஸ்க் கெட்டுப்போயிருக்கா?"

"ஒரு தடவை. ஆன் பண்ணினா, டிஸ்க் இல்லேன்னு திரையில வெள்ளையா எழுத்து வந்துச்சு."

"இதுல?"

"இதுல ஒண்ணும் வரலியே. விளக்குக்கூட எரியல."

"டிஸ்க் போனா மெஷின் புலம்பும் சார். இது புலம்பவே இல்ல. போனது டிஸ்க் இல்லேன்னு தோணுது. அந்தக் கடைக்காரர்கிட்ட டிஸ்க்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"குற்றம் சாட்டப்பட்டவன்கிட்டப் போய் ஆதாரத்தைச் சொல்வாங்களா?" வக்கீல் பெருமையாகக் கேட்டார். அந்தப் பெருமை முகத்தில் அதிக நேரம் நிற்கவில்லை.

ரேடியோ வீடியோ அழைப்பு போட்டான். போன் திரையில் தம்பிக்காரர் வந்தார். அவர் தோளுக்கு மேலே அண்ணன்காரரும் வந்தார். ரேடியோ போனைப் போர்டின்மேல் பிடித்து, காலி இடத்தைக் காட்டி, டிஸ்க் திருட்டுப்போன கதையைச் சொன்னான்.

தம்பிக்காரர் முதலில் வாயைத் திறந்தபடி பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். ராத்திரி முழுக்கத் தூங்காதவன் சிரிக்கும் சிரிப்பு. அது அழுகைக்குப் பக்கத்தில் போய்விட்டுத் திரும்பியது.

"டிஸ்க்கா? சார், இந்த மாடல்ல டிஸ்க்கைக் கழட்டவே முடியாது. போர்டோட சேர்த்துப் பத்த வச்சிருக்கு. அதோ, கறுப்பா சதுரமா ஒட்டியிருக்கே, அதுதான். அங்கேயேதான் இருக்கு."

"அப்ப இந்தக் காலி இடம்?" வக்கீல் விரலை வைத்துக் காட்டினார்.

"வைஃபை கார்டு. அந்த ரெண்டு ஒயரும் ஏரியல் ஒயர்."

"டெஸ்க்டாப்புல இந்தக் கூத்தெல்லாம் கிடையாது," என்றது பின்னாலிருந்து அண்ணன்காரரின் குரல். "டிஸ்க்னா டிஸ்க் மாதிரியே இருக்கும்."

"சரிண்ணே, கொஞ்சம் தலையை நகர்த்துங்க, இருட்டடிக்குது."

அடுத்த கொஞ்ச நேரம் ரேடியோவின் வாழ்க்கையிலேயே அவன் அதிகம் பேசாத நேரமாக இருந்தது. வக்கீல் போனைப் பிடித்தார். தம்பிக்காரர் சொல்லச் சொல்ல ரேடியோ செய்தான். முதலில் பேட்டரி இணைப்பை நகத்தால் நெம்பி எடுக்க வேண்டும். பிறகு போர்டின் மூலையில் காகிதம் மாதிரி ஒரு பட்டை நாடா, இருக்க வேண்டிய இடத்தைவிட்டு வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

"பவர் பட்டனோட நாடா. ஒயரைப் பிடுங்கற மாதிரி பிடுங்கியிருக்கான். அது வர்ற வழியே வேற. அங்க ஒரு குட்டித் தாழ்ப்பாள் இருக்கு பாருங்க. மெதுவா... மெதுவா! தூக்கறீங்களா, உடைக்கறீங்களா?"

"எறும்புக்குப் பல்லு பிடுங்கற மாதிரி இருக்கு," என்று முனகினான் ரேடியோ. நெற்றி வியர்வை மூக்குநுனிக்கு வந்து நின்றது. அதைத் துடைக்கக் கை இல்லை. அண்ணி கைக்குட்டையால் துடைத்துவிட்டாள், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

நாடா உள்ளே போனது. தாழ்ப்பாள் விழுந்தது. பேட்டரியைச் சேர்த்து, பட்டனை அழுத்தினான்.

திரை வெளுத்தது.

வக்கீல் பதிவைத் தேடி எடுத்தார். மேலாளரின் குரல் அறைக்குள் தெளிவாக ஒலித்தது. அரை நிமிடத்தில் அதை நிறுத்திவிட்டு வக்கீல் நாற்காலியில் சாய்ந்தார். பேச வாய் எடுத்தவரை அண்ணி கையமர்த்தினாள். லேப்டாப்பை அணைத்தாள். அடிமூடியைத் தனியாக வைத்தாள். ஸ்க்ரூக்களை ஒரு கண்ணாடித் தட்டில் குவியலாகக் கொட்டினாள். போனை மேஜைமேல் சாய்த்து வைத்தாள், அழைப்பைத் துண்டிக்காமல்.

"சத்தம் வரக்கூடாது," என்றாள் போனைப் பார்த்து. இரண்டு தலைகள் ஒன்றாக ஆடின.

குமாஸ்தா காகிதக் கட்டோடு வந்தார்.

"நல்ல நேரத்துல வந்தீங்க," என்றாள் அண்ணி. "போலீஸ்ல ஒப்படைக்கணும். இதை மூடிக் குடுத்துடுங்க. எங்களுக்குத் தெரியாது."

"இதுக்கென்ன, ஒரு நிமிஷம்." குமாஸ்தா பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை உருவினார். குவியலில் கைக்கு வந்ததை எடுத்தார், கண்ணுக்குப் பட்ட ஓட்டையில் போட்டார். அளவு பார்க்கவில்லை. அவர் உலகத்தில் ஸ்க்ரூ என்றால் ஸ்க்ரூ. இடது ஓர ஓட்டைக்கு வந்தபோது கை தயங்கியது.

"இது மட்டும் கொஞ்சம் முரண்டு பண்ணும். அழுத்திக் குடுக்கணும்," என்று சொல்லி உள்ளங்கையால் அழுத்தி முடுக்கினார்.

போனிலிருந்து ஒரு முனகல் கேட்டது. ரேடியோ அவசரமாக இருமினான்.

"முரண்டு பண்ணும்னு எப்படித் தெரியும்?" என்றாள் அண்ணி. "நேத்து நீங்க திறந்துதானே குடுத்தீங்க? மூடலியே?"

"அது... எல்லா மெஷின்லயும் ஒண்ணு அப்படி இருக்குமே!" குமாஸ்தா சிரித்தார். நல்ல பதில். வக்கீல் வீட்டு உப்பு வீண்போகவில்லை.

 அண்ணி லேப்டாப்பை நிமிர்த்தினாள். திரையைத் திறந்தாள். பட்டனை அழுத்தினாள்.

திரை வெளுத்தது. வக்கீல் பதிவை ஓடவிட்டார். மேலாளர் மறுபடியும் தன் வாயாலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கத் தொடங்கினார்.

"அது எப்படி ஓடும்?" குமாஸ்தா எழுந்தேவிட்டார். "டிஸ்க் என்கிட்ட..."

மிச்ச வார்த்தையை அவர் விழுங்கினார். ஆனால் வெளியே வந்தது போதுமானதாக இருந்தது.

இந்த முறை மௌனம் அண்ணியுடையது மட்டும் இல்லை. அறையில் இருந்த எல்லோருக்கும் அதில் பங்கு இருந்தது. குமாஸ்தாவின் கை தானாகவே இடுப்புக்குப் போனது. மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்று வெளியே வந்தது. அதற்குள் பஞ்சு. பஞ்சுக்குள், கைக்குழந்தையைப் படுக்கவைத்த மாதிரி, ஒரு குட்டிப் பச்சைத் தகடு.

"வைஃபை கார்டு!" போனிலிருந்து அண்ணனும் தம்பியும் ஒரே குரலில் கத்தினார்கள். அந்தக் கடை திறந்த நாளிலிருந்து அவர்கள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது இதுவே முதல் தடவையாக இருக்கலாம்.

"வைஃபையா?" என்றார் குமாஸ்தா.

"டிஸ்க்கைத் தேடிக் கிண்டினீங்க. தனியாக் கழண்டு வந்தது இது ஒண்ணுதான். அதனால இதுதான் டிஸ்க்னு முடிவு பண்ணிட்டீங்க," என்றாள் அண்ணி. "கிண்டும்போதே பட்டன் நாடாவையும் பிடுங்கிட்டீங்க. மெஷின் செத்துப்போச்சு. நீங்க எடுத்தது டிஸ்க்தான்னு உங்களுக்கே உறுதியாச்சு."

"ஏன்டா இப்படிப் பண்ணினே?" வக்கீலின் குரலில் சட்டம் இல்லை. சொந்தம் மட்டும் இருந்தது.

குமாஸ்தா தரையைப் பார்த்தார். "அவங்க கம்பெனியில கம்ப்யூட்டர் பிரிவுக்கு என்னைத் தலைவரா வச்சுக்கறேன்னாங்க மாமா. இங்க எல்லாத்தையும் நான்தான் பார்க்கறேன். ஆனா வர்றவங்க எல்லாரும் என்னை டீ வாங்கிட்டு வரச் சொல்றாங்க."

ரேடியோவுக்கு ஒரு நக்கல் நாக்குநுனி வரைக்கும் வந்தது. ஏனோ அதைச் சொல்லவில்லை.

வக்கீல் போனை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தார். "கடைக்காரரே, உங்கள் மீதான குற்றச்சாட்டை நான் முழுமையாகத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். போலீஸ் வராது."

தம்பிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நன்றி சார். மன்னிப்புன்னு ஒரு வார்த்தை..."

"அது அடுத்த வாய்தாவுல," என்றான் ரேடியோ.

அப்போது குமாஸ்தாவின் போன் அடித்தது. திரையைப் பார்த்தவர் முகம் சாம்பலானது. அவர் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்தது, கூப்பிடுவது அந்த நிறுவனத்து ஆள் என்று. போன் அடித்துக்கொண்டே இருந்தது. வக்கீல் அண்ணியைப் பார்த்தார். அண்ணி பஞ்சின்மேல் இருந்த பச்சைத் தகட்டைப் பார்த்தாள். பிறகு கூட்டை மூடிக் குமாஸ்தாவின் பக்கம் நகர்த்தினாள்.

"எடுத்துப் பேசுங்க. டிஸ்க் பத்திரமா இருக்குன்னு சொல்லுங்க. நாளைக்குக் காலையில, விசாரணைக்குக் கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்து தர்றேன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் அவங்க நிம்மதியாத் தூங்கட்டும்."

குமாஸ்தா போனையும் கூட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னைப் பொய் சொல்லச் சொல்றீங்களா?"

வழக்கம்போல் அண்ணி நேரம் எடுத்துக்கொண்டாள்.

"டிஸ்க் பத்திரமாத்தானே இருக்கு," என்றாள்.

குமாஸ்தா போனை எடுத்துக் காதில் வைத்தார்.